வளர்ச்சிக் குறியீடுகளும் தோட்டத் தமிழரும்

ஒரு நாட்டின் நலத்தை அளந்து காணும் முயற்சி நமக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘நாடு’ என்னும் அதிகாரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஆங்கே வள்ளுவர் ஒரு நாட்டிற்கு அழகு தருவன எவையென ஐந்தனை எண்ணிக் காட்டுகின்றார். அவற்றுள் நோயில்லாமையை முதலிலும், பொருளை அதற்கு அடுத்தும் வைத்திருப்பது கருதத்தக்கது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990ஆம் ஆண்டில் மானிட வளர்ச்சிக் குறியீட்டை முதன்முதல் வெளியிட்டபோது, மாபுப் உல் ஹக், அமார்த்திய சென் முதலிய பொருளியல் அறிஞர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. நாட்டு வருமானம் ஒன்றையே கொண்டு நாடுகளை ஏற்றியும் இறக்கியும் பேசிவந்த வழக்கத்தை விடுத்து, ஆயுள், கல்வி, வருமானம் என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்து அளந்தனர். உடனே, ‘எல்லாம் வள்ளுவர் சொன்னதுதான்’ என்று மேடையில் முழங்குவார் நம்மிடையே உண்டு. அது வேண்டாத பெருமை. வள்ளுவர் நாட்டுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியபோதுதான் தொல்லையும் தொடங்கிற்று. அத்தொல்லையைப் பற்றியதே இக்கட்டுரை.

கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய கென்யாவை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டின் மானிட வளர்ச்சி அறிக்கையில் கென்யாவின் குறியீடு 0.601, இடம் 143. நம் மலேசியாவின் குறியீடு 0.810, இடம் 62. கென்யாவில் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுள் 66.7 ஆண்டு, இங்கே 76.2. வயது வந்தோர் சராசரியாகப் பள்ளியில் கழித்த காலம் அங்கே 6.6 ஆண்டு, இங்கே 10.4. இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் என்ன சொல்வர்? ‘பாவம், ஆப்பிரிக்கா’ என்பர். ஆசிரியரும் தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

அங்ஙனம் போய்விடுதல் தகாது. கென்யாவில் 2022இல் நடந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வின்படி ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை 32. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் அவ்வாறு இறந்தவை ஆயிரத்துக்கு 75. அன்று இங்கே ஆண்களின் எதிர்பார்க்கும் ஆயுள் 55.8; பெண்களுடையது 58.2. நம் பாட்டன்மார் விடுதலைக் கொடி ஏறக் கண்டு மகிழ்ந்த நாளில் அவர்தம் நாடு இருந்த நிலையினும், இன்றைய கென்யா இவ்விரு வகையில் மேம்பட்டே நிற்கிறது. ஆகவே ‘பாவம்’ என்னும் சொல்லுக்கு ஆண்டுக்கணக்கு வேண்டும். இன்றைய ஒரு நாட்டை இன்றைய மற்றொரு நாட்டோடு மட்டும் நிறுத்துப் பார்ப்பவன் பாதியே அறிகிறான்.

கென்யாவின் ஆய்வில் நான் வியந்து பார்த்தது பிறிதொன்று. 2010ஆம் ஆண்டு அரசமைப்பின்படி அந்நாடு கவுண்டி எனப்படும் 47 மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. ஆய்வின் அட்டவணைகளில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி வரி உண்டு. வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 18. கடற்கரையிலுள்ள கிளிஃபியிலோ நூற்றுக்கு 37. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகள் தலைநகர் நைரோபியில் 2.5, வடகிழக்கு எல்லையிலுள்ள மண்டேராவில் 7.7. இவற்றை ஒன்றாய்க் கூட்டிப் பங்கிட்டால் 3.4 வரும். அந்த 3.4 பிள்ளைகளைப் பெற்ற தாய் நைரோபியிலும் இல்லை, மண்டேராவிலும் இல்லை. ஏழை நாடெனப்படும் அது தன் குறையை வரிவரியாக அச்சிட்டு உலகுக்குக் காட்டுகிறது. நாம் ‘மிக உயர்ந்த மானிட வளர்ச்சி’ பெற்ற நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறோம். நம் அட்டவணையில் தோட்டத்துக்கு ஒரு வரி உண்டா?

இக்கேள்வியை நான் குறைகூறும் நோக்கத்தால் எழுப்பவில்லை. வரி இருந்ததால் உயிர் பிழைத்த வரலாறு நம் தோட்டங்களிலேயே உண்டு.

1911ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சாவு ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. பெரும்பாலும் இளவயதினரே கப்பலேறி வந்தவர். அவருள் ஆயிரத்துக்கு அறுபது என்பது போர்க்களத்துக் கணக்கு. காய்ச்சல், வயிற்றோட்டம், சோகை ஆகியவை கொண்டுபோயின. அந்நாளில் கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் என்பார், கூட்டுத்தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு அமரவில்லை. தோட்டந்தோறும் சாவையும் காய்ச்சலையும் தனித்தனியே குறித்து அட்டவணை செய்தார். அவ்வாறு செய்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. கடலோரச் சமநிலத் தோட்டங்களில் காட்டை அழித்துச் சதுப்பை வடித்தால் காய்ச்சல் தணிந்தது. மலைச்சாரல் தோட்டங்களிலோ காட்டை அழித்தால் காய்ச்சல் பெருகியது! காரணம் என்ன? சமநிலத்துக் கொசு நிழல் படிந்த காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாயிற்று. எனவே மலைத்தோட்டங்களில் நீரை நிலத்தடிக் குழாய்களில் விடுதல், ஓடையில் எண்ணெய் தெளித்தல் என வேறு வழி காணப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் கூட்டி ஒரே சராசரி எடுத்திருந்தால் இவ்வேறுபாடு தென்பட்டிருக்குமா? மலையடியில் குடியிருந்தவன், சமநிலத்தானுக்குரிய மருந்தினாலேயே மாண்டிருப்பான். சுங்காய், சிலிம், பீடோர் எனத் தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் வாழும் நமக்கு இக்கதை வெறும் கதையன்று.

ஆயினும் அந்நாளைய எண்களையும் அப்படியே நம்பிவிடலாகாது. எண்ணுவோர் நேர்மையாக எண்ணினாலும், எண்ணப்படுவோரை அகற்றிவிட்டால் குறியீடு தானே அழகாகிவிடும். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியைக் கொண்டு ஆட்களைக் கொணர்ந்ததும் உண்டு. முதியோரையும் நோயாளரையும் திருப்பி அனுப்பியதும் உண்டு. நாகப்பட்டினத்துக்குத் திரும்பிய பின் ஒருவன் இறந்தால் அச்சாவு மலாயாக் கணக்கில் ஏறாது. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். இங்கே வேலையில்லாதோர் தொகை குறைந்தது. அவர்களுக்கு வேலை கிடைத்ததனால் அன்று. பின்னர் வந்தது சயாம் மரண ரயில். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவின் இந்தியர் 6,21,847, 1947இல் 5,99,616. இதே காலத்தில் நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 43 லட்சத்திலிருந்து 58 லட்சமாயிற்று. மற்றவர் பெருக நாம் குறைந்தோம். திரும்பிச் சென்றோர் எத்தனை, தண்டவாளத்தருகே புதைந்தோர் எத்தனை என்பதை இவ்விரண்டு எண்களும் பிரித்துச் சொல்லமாட்டா.

இனி வறுமைக் கணக்குக்கு வருவோம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49.3 குடும்பங்கள் ஏழைக் குடும்பங்கள் எனக் கணிக்கப்பட்டன, மலாய்க்காரருள் 64.8, இந்தியருள் 39.2, சீனருள் 26. அந்நிலையினின்று நாடு ஏறிவந்த தொலைவு பெரிது. அதனை மறுப்பவர் மனச்சான்று அற்றவர். 2016ஆம் ஆண்டுக்கு வந்தபோது வறுமை நூற்றுக்கு 0.4 என்று அறிவிக்கப்பட்டது. உலகிலேயே மிகக் குறைந்த வறுமைகளுள் ஒன்று! ஆனால் அந்தக் கணக்கின் வறுமைக் கோடு சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் தீபகற்பத்தின் குறைந்தபட்ச ஊதியம் 1,000 வெள்ளியாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் உழைத்துப் பலர் உண்ணும் வீடாயினும், அவ்வொருவர் குறைந்தபட்ச ஊதியம் பெற்றுவிட்டால், அந்தச் சராசரிக் கோட்டின்படி அவ்வீடு ஏழை வீடன்று. வறுமையை ஒழித்தது எதுவென்றால் அதன் இலக்கணமே எனலாம்.

2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் இக்கோட்டைக் கடுமையாகக் கண்டித்தார். அரசு முதலில் மறுத்தது. பின்னர், 2020இல், கோட்டை 2,208 வெள்ளியாக உயர்த்திற்று. அவ்வளவில் 2016ஆம் ஆண்டின் வறுமை 0.4 என்பது 7.6 ஆயிற்று, 2019இன் வறுமை 5.6. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் கணக்கேட்டுக்குள் வந்தன. அவர்கள் முதல்நாள் உண்ட சோற்றையே மறுநாளும் உண்டனர். கென்யாவிலும் இதுபோன்ற ஒரு நாள் உண்டு. 2014 செப்டம்பரில் அந்நாடு தன் உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 2001இலிருந்து 2009க்கு மாற்றியது. பொருளாதாரத்தின் அளவு நான்கில் ஒரு பங்கு கூடிற்று. ஏழை நாடாயிருந்த கென்யா நடுத்தர வருமான நாடுகளின் கீழ்ப்படியில் ஏறிற்று. ஒரு நாடு பேனா முனையில் செல்வமுற்றது. மற்றொரு நாடு பேனா முனையில் ஏழைகளைப் பெற்றது. இரண்டும் பொய்யல்ல. இரண்டும் கோலின் மாற்றமே. இதில் நம் அரசை இகழ்வதற்கில்லை; தனக்கு இகழ்ச்சி தரும் எண்ணை ஒப்புக்கொண்டு அச்சிட்டது, காலந்தாழ்ந்தாயினும், நேர்மையே.

இவ்விடத்தில் நம் நாட்டறிஞர் ஒருவரை நினைக்காதிருக்க முடியவில்லை. 2020இல் மறைந்த பேராசிரியர் உங்கு அசீஸ், மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் நெடுங்காலம் இருந்தவர். சிற்றூர் வறுமையை அளக்க அவர் கண்ட கருவி ‘சாரோங் குறியீடு’. ஒரு வீட்டிலுள்ள கைலிகளை எண்ணி, ஒரு வயது கடந்த உறுப்பினர் தொகையால் வகுப்பது, அவ்வளவுதான். கேட்டவர் சிலர் நகைத்தனர். நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ‘உன் வருமானம் என்ன?’ என்று கேட்டால் ஏழை கூசுவான், அரைகுறையாய்ச் சொல்வான், திங்கள்தோறும் ஒன்றாக இராத வருமானத்தை அவனே அறியான். கைலியோ கொடியில் தொங்குகிறது. உடுப்பதற்கும், போர்த்துவதற்கும், குளிப்பதற்கும், குழந்தைக்கு ஏணை கட்டுவதற்கும் அதுவேயன்றோ? நம் லயத்து வீடுகளில் தாயின் பழஞ்சேலையும் தந்தையின் கைலியும் செய்யாத வேலை எது? மக்கள் வாழ்வை உள்ளிருந்து கண்டவர்க்கே இத்தகைய கருவி தோன்றும். மலாயாவில் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தவரும் அவரே என்பதை நம் ஆசிரியர் பலர் அறியார்.

எனினும் சாரோங் குறியீட்டுக்கும் வாழ்நாள் உண்டு. துணி அரிதாயிருந்தவரைதான் அது வறியவனையும் உள்ளவனையும் பிரித்துக் காட்டிற்று. துணி மலிந்தபின் எல்லா வீட்டிலும் கைலி நிறைந்தது, குறியீடு ஊமையாயிற்று. இதுவே எல்லாக் குறியீட்டுக்கும் நேர்வது. எண்ணப்படும் பொருள் அரிதாக உள்ளவரை குறியீடு பேசும். அது எங்கும் பரவியபின் வாய் மூடும். பள்ளிச் சேர்க்கை வீதமும் அப்படியே. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அன்று பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருப்பதே ஒரு செய்தி. இன்று பெயர் இல்லாத பிள்ளை அரிது. ஆகவே இன்று சேர்க்கை வீதத்தைக் காட்டிப் பெருமை கொள்ளுதல், கைலியை எண்ணிச் செல்வம் காண்பதை ஒக்கும். ஆறாம் ஆண்டு முடித்தும் தாய்மொழியில் ஒரு பத்தியைத் தட்டின்றிப் படிக்க இயலாத பிள்ளை எத்தனை, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்போடு நின்றவர் எத்தனை, மூன்றாம் படிவத்தில் காணாமற்போனவர் எத்தனை என்பவையே இன்று பேசக்கூடிய எண்கள்.

தோட்டத்துக்குரிய வரி எங்கே மறைந்தது என்னும் கேள்விக்குத் திரும்புவோம். அது எவரும் சூழ்ச்சி செய்து அழித்ததன்று. தோட்டம் தனியார் நிலம் என்னும் காரணத்தால் சிற்றூர் வளர்ச்சித் திட்டங்கள் வெகுகாலம் அதன் வாயிலோடு நின்றன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. சில தோட்டங்கள் வீட்டுமனைகளாயின; சில தொழிற்பேட்டைகளாயின. மரம் சீவியவரும் அவர்தம் மக்களும் பட்டணத்து ஓரங்களுக்கும் மலிவு அடுக்ககங்களுக்கும் சென்றனர். அந்நாளில் அவர்கள் புள்ளிவிவரத்தில் ‘நகர மக்கள்’ ஆயினர். நகர மக்களின் சராசரி உயர்ந்தது; தோட்டத்து எண் சிறுத்தது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளியின் பிள்ளை எங்கே போனான் என்பதைப் பள்ளிகளின் தொகை சொல்லாது.

நம் பத்தாங் பாடாங் மாவட்டத்தையே நோக்குக. மாவட்ட வாரியான வருமானக் கணக்கு இக்காலத்தில் வெளிவருகிறது, நன்று. ஆனால் அந்த ஒரு வரிக்குள் தாப்பா, பீடோர் நகரத்து வணிகரும், சீனப் புதுக்கிராமத்தாரும், சுங்கை கிளா, குனோங் பெசோட் முதலிய ஃபெல்டா நிலக் குடியேற்றங்களின் மக்களும், மலைப்பக்கத்துச் செமாய்ப் பழங்குடியினரும், தோட்டத்து லயங்களில் எஞ்சியுள்ள தமிழரும் ஒருசேர அடங்குகின்றனர். ஃபெல்டாக் குடியேறிக்குச் சொந்த நிலம் உண்டு. அவனைப் பற்றிய கணக்கு வைக்கும் வாரியம் உண்டு. பழங்குடியினருக்கு ஒரு துறை உண்டு. அவர்தம் வறுமை இன்னும் கொடிது என்பதை அத்துறையின் எண்களே ஒப்புக்கொள்கின்றன. தோட்டத்துத் தமிழனோ இருந்தவரை கிராணியின் பிரட்டுப் புத்தகத்தில் இருந்தான். வெளியேறியபின் எந்தப் புத்தகத்தில் இருக்கிறான்?

‘இந்தியர்’ என்னும் வரியில் இருக்கிறான் என்பர். அவ்வரியைப் பார்ப்போம். 2019இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 5,873 வெள்ளி. இந்தியக் குடும்பங்களின் இடைநிலை 5,981. நாட்டின் அளவினும் சற்று மிகை! பூமிபுத்திரர் 5,420, சீனர் 7,391. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, ‘இந்தியர்க்குத் தனி உதவி எதற்கு?’ என்று ஒருவர் கேட்டால், எண்ணளவில் அவர் சொல்வது தவறன்று. தவறு வரியில் உள்ளது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் மூன்று தலைமுறையாக மருத்துவரும் வழக்கறிஞருமாய் விளங்கும் குடும்பங்களையும், நேற்றுத் தோட்டம் விட்டு வந்து காவல் வேலை பார்க்கும் குடும்பத்தையும் ஒரே பெயரால் கூட்டினால் வருவது இதுவே. இனம் என்பது இவ்விடத்தில் விளக்கும் சொல்லன்று, மறைக்கும் சொல்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். நம் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் எண் ஒன்றுண்டு: நாட்டின் பங்குமுதலில் இந்தியர் கையிலிருப்பது 1970இல் 1.1 விழுக்காடு, 2004இல் 1.2 விழுக்காடு என்பது. எண் சரியே, அரசே வெளியிட்டது. ஆனால் அது யாருடைய குறியீடு? அந்த 1.2 நாளைக்கு மூன்றானால் பங்குச் சந்தையில் பணம் போடுவோர் மகிழ்வர். லயத்தை விட்டு வந்தவன் வீட்டு வாடகை அதனால் ஒரு வெள்ளியும் குறையாது. அவனுடைய துன்பத்தைச் சொல்லித் தமக்கு வேண்டிய எண்ணைக் கேட்பது நம் தலைவர்களிடம் நெடுநாளாய் உள்ள பழக்கம். ஆசிரியராகிய நாமும் ஆராயாமல் அதையே கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பாகக் கொடுத்துவிடுகிறோம்.

கடல் கடந்த நம் உறவினர் கதையும் இதுவே. 1970களின் பிற்பகுதியில் மாரிஸ் டேவிட் மாரிஸ் என்னும் அறிஞர் எழுத்தறிவு, குழந்தைச் சாவு, ஆயுள் ஆகிய மூன்றையும் கொண்டு ‘வாழ்க்கைத்தரக் குறியீடு’ ஒன்றை அமைத்தார். நூற்றுக்கு எண்பதைத் தாண்டிய இலங்கை, ஏழை நாடுகளுக்கெல்லாம் முன்மாதிரியாகப் புகழப்பட்டது. புகழ் பொருத்தமற்றதன்று. ஆனால் அதே பத்தாண்டில், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், மலையகத் தோட்டங்களில் சாவு பெருகியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த அம்மக்கள் தேயிலை ஏற்றுமதிக் கணக்கில் முழுதாக இருந்தனர். குறியீட்டின் புகழுரையில் காணப்படவில்லை.

எனவே என் கருத்து இது. இனவாரியான வரி போதாது. மாவட்ட வாரியான வரியும் போதாது. குடும்பத்தலைவர் அல்லது அவர்தம் பெற்றோர் தோட்டத்தில் வாழ்ந்தவரா என்னும் ஒரே கேள்வியைக் குடும்ப வருமான ஆய்வில் சேர்த்தால், அரை நூற்றாண்டுக் குடிப்பெயர்ச்சியின் விளைவு முதன்முறையாக எண்ணில் தெரியும். அது தாழ்ந்த எண்ணாக இருக்கும் என்று நான் முன்கூட்டியே முடிவு கட்டவில்லை. உயர்ந்திருந்தால் மகிழ்ந்து ஏற்போம், புலம்பலை நிறுத்துவோம்.

அதுவரை, ஓரளவு கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. பழைய ஏடுகளில் அக்கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘மரம் சீவுதல்’, ‘வெளிக்காட்டு வேலை’ என்றே எழுதியிருக்கும். எழுதக் கைசலித்த ஆசிரியர் மேற்படிக் குறி இட்டிருப்பார். இப்போது அக்கட்டத்தில் லாரி ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலை ஊழியர், ‘சொந்தத் தொழில்’ எனப் பலவாறாக வருகின்றன. ‘சொந்தத் தொழில்’ என்பதற்குப் பழைய இரும்பு பொறுக்குதல் முதல் கடை நடத்துதல் வரை எதுவும் பொருளாகலாம். சில ஏடுகளில் அக்கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. அதனை வெறுமையாக விட்டவர் தந்தையா, எழுத்தரா என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் தம் பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம்.